இரண்டு காதுகள் நடத்தும் கம்பெனி

மியூனிக்கின் இ.சி.எம். லேபிள்: ஒரு தனி மனிதரின் ரசனை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாக்குப்பிடித்த கதை

1978-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் இருந்து ஒரு பெட்டி கடைகளுக்கு வந்தது. உள்ளே பத்து எல்.பி. இசைத்தட்டுகள். பத்திலும் ஒரே ஆள், ஒரே பியானோ. அமெரிக்கப் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1976 நவம்பரில் ஜப்பானின் கியோட்டோ, ஒசாகா, நகோயா, டோக்கியோ, சப்போரோ ஆகிய ஐந்து நகரங்களில் நிகழ்த்திய கச்சேரிகள். பாட்டு இல்லை, பக்கவாத்தியம் இல்லை, முன்கூட்டி எழுதிய ஸ்வரம் ஒன்றுகூட இல்லை. முழுக்க முழுக்க மனோதர்மம், ஆறு மணி நேரத்துக்கும் மேல். 'சன் பேர் கான்சர்ட்ஸ்' என்று பெயர்.

எந்தப் பெரிய இசைக் கம்பெனியிலும் இந்த யோசனை முதல் கூட்டத்தைத் தாண்டியிருக்காது. விற்பனைப் பிரிவு தலையில் கை வைத்திருக்கும், கணக்குப் பிரிவு சிரித்திருக்கும். கொஞ்சம் இரக்கமுள்ளவர் யாராவது, ஐந்து ஊரிலிருந்தும் நல்ல பகுதிகளை வெட்டி ஒரே தட்டில் போடலாமே என்று கேட்டிருப்பார். இ.சி.எம். லேபிளில் அப்படிக் கூட்டம் எதுவும் கிடையாது. முடிவெடுப்பவர் ஒருவர்தான். அவருக்குப் பிடித்திருந்தது, பெட்டி வெளிவந்தது.

அவர் பெயர் மான்ஃப்ரெட் ஐஷர். 1969-ல் லேபிளைத் தொடங்கியபோது அவருக்கு வயது 26. எண்பதைக் கடந்துவிட்ட பிறகும் எதைப் பதிவு செய்வது என்பது அவருடைய முடிவாகவே இருக்கிறது. இதுவரை 1,600-க்கும் மேற்பட்ட ஆல்பங்கள். ஜாஸ், ஐரோப்பியச் சாஸ்திரிய இசை, கர்நாடக இசை, துனீசியாவின் ஊத், நார்வே நாட்டுப்புற மெட்டு என்று எந்தச் சிமிழிலும் அடங்காத ஒரு பட்டியல். சுதந்திரமான இசைக் கம்பெனி என்றால் என்ன என்ற கேள்விக்கு இந்தப் பட்டியலே ஒரு பதில்.

தபாலில் ஜாஸ் விற்ற கடை

ஐஷர் ஜெர்மனியின் தென்கோடியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள லிண்டாவ் நகரத்துக்காரர். பெர்லின் இசைக் கல்லூரியில் டபுள் பேஸ் கற்றார். ஆளுயரத்துக்கு நின்று அடித்தளமாக முழங்கும் அந்த வாத்தியத்தை வாசிப்பவர் எப்போதும் மற்றவர்களைக் கேட்டபடியே வாசிக்க வேண்டும். பிறகு, சாஸ்திரிய இசைப் பதிவுகளில் கொடி நாட்டிய டாய்ச்ச கிராமோஃபோன் கம்பெனியில் தயாரிப்பு உதவியாளராக வேலை பார்த்தார். நான்கு பேர் வாசிக்கும் வயலின்-செல்லோ குழுவைப் பதிவு செய்யும்போது, வில் கம்பியைத் தொடும் முதல் உரசலில் இருந்து நாதம் அடங்கும் வரை எப்படிக் கவனிக்கிறார்கள் என்பதை அங்கே பார்த்தார். ஜாஸுக்கு மட்டும் ஏன் இந்தக் கவனிப்பு இல்லை என்று அவருக்குத் தோன்றியது. இ.சி.எம். லேபிளின் மூலதனம் அந்தக் கேள்விதான்.

பண மூலதனம் வேறு இடத்தில் இருந்து வந்தது. மியூனிக்கில் கார்ல் எகர் என்பவர் மின்சாதனக் கடையோடு சேர்த்து, ஜாஸ் தட்டுகளைத் தபாலில் விற்கும் வியாபாரமும் நடத்திவந்தார். அவருடைய ஆதரவில் லேபிள் பிறந்தது. 'சமகால இசைப் பதிப்பு' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளே இ.சி.எம்.

1969 நவம்பரில் ஸ்டுட்கார்ட் அருகே லுட்விக்ஸ்பர்கில் முதல் ஒலிப்பதிவு. வாசித்தவர் மால் வால்ட்ரன், பாடகி பில்லி ஹாலிடேயின் கடைசி ஆண்டுகளில் அவருக்குப் பியானோ வாசித்த கறுப்பின அமெரிக்கக் கலைஞர். அமெரிக்காவை விட்டு வந்து மியூனிக்கிலேயே குடியேறியிருந்தார். 'ஃப்ரீ அட் லாஸ்ட்' என்ற அந்த ஆல்பம் பட்டியலில் 1001-ம் எண்ணைப் பெற்றது. அறுபதுகளின் கடைசியில் ராக் இசையின் அலையில் அமெரிக்க ஜாஸ் கம்பெனிகள் தடுமாறிக்கொண்டிருந்தன. வாய்ப்புக் குறைந்து, கேட்க ஆளிருக்கும் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த கலைஞர்கள் பலர். எந்தப் பெரிய கம்பெனியும் தேடி வராத அந்த வாசல்களைத்தான் ஐஷர் தட்டினார்.

ஆஸ்லோவில் கிடைத்த ஒலி

இ.சி.எம். லேபிளுக்கென்று ஒரு தனி ஒலி உண்டு என்பார்கள் ரசிகர்கள். அந்த ஒலி உருவானது ஜெர்மனியில் அல்ல, நார்வேயில்.

இத்தாலியின் போலோஞா ஜாஸ் விழாவில் யான் கார்பாரெக் என்ற நார்வேக்காரரின் சாக்ஸஃபோன் ஐஷரின் காதில் விழுந்தது. 1970 செப்டம்பரில் கார்பாரெக்கைப் பதிவு செய்ய ஆஸ்லோவுக்குப் போனார். முதலில் தேர்ந்தெடுத்த இடம் ஒரு கலைக்கூடம். அங்கே எதிரொலி அதிகமாக இருந்ததால் சரிவரவில்லை. நகரத்தில் இருந்த சின்ன ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றுக்கு மாறினார்கள். அங்கே ஒலிப்பதிவாளராக இருந்தவர் யான் எரிக் கோங்ஸ்ஹாவ்க் என்ற இளைஞர். அன்று தொடங்கிய கூட்டணி, 2019-ல் கோங்ஸ்ஹாவ்க் இறக்கும் காலம் வரை நூற்றுக்கணக்கான ஆல்பங்களாக நீண்டது.

அந்தப் பதிவுகளில் டிரம்ஸின் தாளத்தட்டைக் கவனித்துக் கேளுங்கள். வழக்கமான ஜாஸ் பதிவில் அது பின்னால் எங்கோ சலசலத்துக்கொண்டிருக்கும். இங்கே குச்சி உலோகத்தைத் தொடும் நொடி, அதிர்வு விரியும் நொடி, அடங்கும் நொடி என்று தனித்தனியாகக் கேட்கும். ஒவ்வொரு வாத்தியத்தையும் சுற்றி இடம் இருக்கும். யாரும் யார் மீதும் இடித்துக்கொள்ள மாட்டார்கள். சாஸ்திரிய இசைக்கு மட்டுமே கிடைத்துவந்த அந்த மரியாதை ஜாஸுக்கும் கிடைத்தது.

இதற்காக மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் கிடந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு நாள் ஒலிப்பதிவு, மூன்றாம் நாள் ஒலிக்கலவை. பெரும்பாலான ஆல்பங்களுக்கு அவ்வளவுதான். சிக்கனம் ஒரு காரணம். வாசித்த நேரத்தின் சூடு ஆறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். மூன்று நாளும் ஐஷர் கூடவே இருப்பார். பணம் போட்டுவிட்டுத் தட்டு தயாராகி வரட்டும் என்று காத்திருக்கும் தயாரிப்பாளர் அல்ல அவர். எந்தப் பாடல் முதலில் வர வேண்டும், எது வேண்டாம், இரண்டு பாடல்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பது வரை அவர் கை படும்.

ஓட்டைப் பியானோவும் நாற்பது லட்சமும்

கீத் ஜாரெட்டுக்கு ஐஷர் கடிதம் எழுதியபோது, அவர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் மின்சார வாத்தியங்களை வாசித்துக்கொண்டிருந்தார். 1971 நவம்பரில் ஆஸ்லோவில் ஒரே நாளில் 'ஃபேசிங் யூ' என்ற தனிப் பியானோ ஆல்பம் பதிவானது. இரண்டு ஆண்டுகள் கழித்து, பிரேமன், லோசான் நகரங்களில் ஜாரெட் நடத்திய தனிக் கச்சேரிகள் மூன்று எல்.பி. தொகுப்பாக வந்தன. ஜப்பான் பெட்டிக்கு அது ஒத்திகை.

பிறகு 1975 ஜனவரி 24. கொலோன் நகர ஓபரா அரங்கம். ஏற்பாடு செய்தவர் வெரா பிராண்டஸ், வயது 18. அன்று மாலை ஓபரா முடிந்த பிறகுதான் அரங்கம் கிடைக்கும் என்பதால், கச்சேரி இரவு பதினொன்றரைக்கு. சுமார் 1,400 பேர் வந்திருந்தார்கள்.

ஜாரெட் கேட்டிருந்தது போசன்டோர்ஃபர் கம்பெனியின் மிகப் பெரிய கச்சேரிப் பியானோ. மேடையில் இருந்தது ஒத்திகைக்குப் பயன்படும் சின்னப் பியானோ. மேல் ஸ்தாயி தகரம் போல ஒலித்தது, கீழ் ஸ்தாயியில் கனம் இல்லை, மிதிகட்டைகள் சரியாக வேலை செய்யவில்லை. ஐஷரின் சிறிய ரெனோ காரில் நீண்ட தூரம் பயணம் செய்து வந்திருந்த ஜாரெட்டுக்கு முதுகு வலி வேறு. வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தவரிடம் பிராண்டஸ் மன்றாடினார். கடைசியில் ஜாரெட் ஒப்புக்கொண்டார். பழுதுபார்ப்பவர்கள் முடிந்த வரை பியானோவைச் சரிசெய்தார்கள். ஒலிப்பதிவாளர் மார்ட்டின் வீலாண்ட் மைக்குகளை வைத்தார்.

அன்று ஜாரெட் செய்தது இதுதான்: மேல் ஸ்தாயியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியிலேயே சஞ்சரித்தார். கீழே கனம் இல்லாததை ஈடுகட்ட, இடது கையில் ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து அதன் மேல் வலது கையால் மெட்டுகளைக் கட்டினார். விளைவு, சிக்கலான ஜாஸுக்குப் பழகாதவர்களும் பற்றிக்கொள்ளக்கூடிய ஓர் இசை. அதே ஆண்டு இரட்டை எல்.பி.யாக வந்த 'தி கொலோன் கான்சர்ட்' ஏறக்குறைய நாற்பது லட்சம் பிரதிகள் விற்றது. தனிப் பியானோ ஆல்பங்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுதான் என்பார்கள்.

குறைபட்ட கருவியில் பிறந்த அற்புதம் என்று இந்தக் கதை பல மேலாண்மைப் பயிலரங்குகளில் சொல்லப்படுகிறது. இ.சி.எம். வரலாற்றைப் பொறுத்தவரை சுவாரசியம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இப்படி ஒரு வெற்றி கிடைத்த கம்பெனி வழக்கமாக என்ன செய்யும்? அதே மாதிரி இன்னும் பத்து ஆல்பம் போடும். ஐஷர் அந்தப் பணத்தில், விற்காது என்று மற்றவர்கள் ஒதுக்கியவற்றைப் பதிவு செய்தார். பத்துத் தட்டுப் பெட்டி அதில் ஒன்று.

கார் ரேடியோவில் வந்த புது வரிசை

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷின் 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' இன்னொன்று. டாய்ச்ச கிராமோஃபோன் பதிவு செய்து வைத்திருந்த இந்தப் படைப்பை 1978-ல் வெளியிட்டது இ.சி.எம். தான். ஒரு மணி நேரத்துக்கு நெருக்கமாக, சின்னச் சின்ன மாற்றங்களோடு மட்டும் நகரும் ஒரே இசை. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. ஐஷர் ஒரு காலத்தில் உதவியாளராக இருந்த கம்பெனி கைவிட்டதை அவர் எடுத்து வெளியிட்டு வென்றார்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள், ஐஷர் ஸ்டுட்கார்ட்டில் இருந்து சூரிக்குக்குக் காரில் போய்க்கொண்டிருந்தபோது ரேடியோவில் அதுவரை கேட்டிராத ஓர் இசை வந்தது. அலை தெளிவாகக் கிடைப்பதற்காக நெடுஞ்சாலையை விட்டு விலகி, ஒரு மேட்டில் ஏறி நிறுத்திக் கேட்டார். யார் எழுதியது என்று கண்டுபிடிக்க நாளானது. எழுதியவர் எஸ்டோனியாவின் அர்வோ பார்ட். அன்றைய சோவியத் ஆட்சியில் இருந்து வெளியேறி பெர்லினில் வசித்துவந்தார். மேற்குலகில் அவரை அறிந்தவர்கள் குறைவு.

1984-ல் பார்ட்டின் 'டாபுலா ராசா'வோடு 'நியூ சீரிஸ்' என்ற தனி வரிசையைத் தொடங்கினார் ஐஷர். எழுதப்பட்ட இசைக்கான வரிசை அது. அந்த ஆல்பத்தின் ஒரு படைப்பில் கீத் ஜாரெட், கிடோன் கிரேமரின் வயலினுக்குப் பியானோ வாசித்தார். ஜாஸ்காரர் ஒரு பக்கம், சாஸ்திரியக்காரர் மறுபக்கம் என்ற வேலியே அந்த வீட்டில் இல்லை. உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்களில் உலகெங்கும் அதிகம் வாசிக்கப்படுபவர்களில் ஒருவராகப் பார்ட் பின்னாளில் ஆனார்.

அடுத்த எதிர்பாராத வெற்றியும் சாலையில்தான் முளைத்தது. ஐஸ்லாந்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்த ஐஷர், எரிமலைக் குழம்பு உறைந்த வெளிகளில் காரோட்டியபடி பதினாறாம் நூற்றாண்டுத் தேவாலயப் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். இதன் மேல் கார்பாரெக்கின் சாக்ஸஃபோன் மிதந்தால் எப்படி இருக்கும்? 1993-ல் ஆஸ்திரியாவின் சங்க்ட் கெரோல்ட் மடத்தில், ஹில்லியர்ட் குழுவின் நான்கு ஆங்கிலேயப் பாடகர்களையும் கார்பாரெக்கையும் சேர்த்து வைத்தார். 'ஒஃபீட்சியும்' என்ற அந்த ஆல்பத்தின் விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது. கறாரான சாஸ்திரிய விமர்சகர்களும் கறாரான ஜாஸ் விமர்சகர்களும் ஒருசேர முகம் சுளித்தார்கள்.

பல்லவி பாடிய பட்டியல்

இந்தப் பட்டியலில் தமிழ்க் காதுகளுக்குப் பழக்கமான பெயர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வித்வான் வி. லட்சுமிநாராயணாவின் மூன்று மகன்களும் வயலின்காரர்கள். 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்த எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், மூன்றாமவர் எல். சங்கர். ஜான் மெக்லாக்லினோடு 'சக்தி' குழுவைக் கட்டியவர்களில் சங்கரும் ஒருவர். அந்தக் குழுவுக்குப் பிறகு, வயலினில் தொடங்கி டபுள் பேஸ் வரைக்குமான ஸ்தாயிகளை ஒரே வாத்தியத்தில் தரும் பத்துத் தந்தி இரட்டை வயலினைச் செய்வித்துக்கொண்டார்.

1980 நவம்பரில் அந்த வயலினோடு இ.சி.எம். லேபிளுக்காக 'ஹூஸ் டு நோ' ஆல்பத்தைப் பதிவு செய்தார். மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபலா ஜாகிர் உசேன், தாளம் போட்டவர் தந்தை லட்சுமிநாராயணாவே. ஒரு பக்கம் முழுக்க ராகம் தானம் பல்லவி. மேற்கத்திய டிரம்ஸும் இல்லை, கிட்டாரும் இல்லை. வெளிநாட்டு ரசிகனுக்காகச் சுருக்கவும் இல்லை. பின்னர் ஆஸ்லோவில் பதிவான 'பஞ்ச நடைப் பல்லவி'யில் விக்கு விநாயக்ராமின் கடம் சேர்ந்தது. இடையில் 'சாங் ஃபார் எவ்ரிஒன்' ஆல்பத்தில் சங்கரும் கார்பாரெக்கும் ஜாகிரும் திரிலோக் குர்ட்டுவும் கூடினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது பட்டியல் எண். 'ஹூஸ் டு நோ'வின் எண் 1195. அதாவது ஜாரெட்டும் கார்பாரெக்கும் இருக்கும் அதே வரிசை. எண்பதுகளின் பிற்பகுதியில் லண்டன் கடைகளும் கம்பெனிகளும் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்த எல்லாவற்றையும் 'உலக இசை' என்ற ஒரே அலமாரியில் தள்ளிவிட்டன. இ.சி.எம். அப்படி ஒரு அலமாரியைச் செய்யவே இல்லை. உமையாள்புரத்தாரின் மிருதங்கம் அங்கே விசேஷ விருந்தாளி அல்ல, வீட்டு ஆள்.

உறையும் குறையும்

இ.சி.எம். தட்டைக் கடையில் தூரத்தில் இருந்தே அடையாளம் காணலாம். பார்பரா வோயிர்ஷ், பிறகு டீட்டர் ரேம், சாஷா க்ளைஸ் போன்ற வடிவமைப்பாளர்கள் உருவாக்கிய உறைகளில் பெரும்பாலும் கலைஞரின் முகம் இருக்காது. சாம்பல் நிறக் கடல், வெறிச்சோடிய சாலை, சில நேரம் எழுத்துகள் மட்டும். பல சி.டி.க்களைப் போட்டால் முதல் ஐந்து நொடிகள் எதுவும் கேட்காது. அந்த மௌனம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பிரெஞ்சு இயக்குநர் கோதார் தம் படங்களில் இ.சி.எம். இசையை எடுத்தாண்டார். ஐஷரோ, கோதாரின் 'நூவெல் வாக்' படத்தின் முழு ஒலித்தடத்தையும், வசனமும் சத்தமும் உட்பட, இசை ஆல்பமாகவே வெளியிட்டார்.

இந்த அழகே குற்றச்சாட்டாகவும் திரும்பியது. எல்லாம் ஒரே மாதிரிப் பனி மூடிய ஒலி, ஜாஸின் வியர்வையையும் கறுப்பின வேரையும் துடைத்துவிட்டு வெள்ளைச் சுவர் கலைக்கூடத்தில் மாட்டிவைத்துவிட்டார் என்றார்கள். இதில் பாதி உண்மை உண்டு. எழுபது, எண்பதுகளின் சில தட்டுகளில் எதிரொலி, இசையை விட முன்னால் வந்து நிற்கிறது. முகமில்லாத உறை எல்லாக் கலைஞருக்கும் நியாயம் செய்வதும் இல்லை. மறுபாதியைப் பட்டியலே மறுக்கிறது. சிகாகோவின் ஆர்ட் அன்சாம்பிள் குழு, டான் செர்ரி, வடாடா லியோ ஸ்மித், ஜாக் டிஜானெட் என்று கறுப்பினப் புரட்சிக் கலைஞர்கள் பலர் அங்கே பதிவு செய்தவர்கள். எல்லோரும் தங்கவும் இல்லை. 1976-ல் முதல் ஆல்பம் செய்த கிட்டார் கலைஞர் பேட் மெத்தனி, புகழின் உச்சியில் எண்பதுகளின் நடுவில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். தயாரிப்பாளரின் காது இத்தனை பெரிதாக இருக்கும் வீட்டில், தன் காதை மட்டும் நம்ப விரும்பும் கலைஞருக்கு மூச்சு முட்டத்தான் செய்யும்.

அடுத்தது யார்?

தன் ஆல்பங்களை இணைய ஒலியோடைத் தளங்களுக்குத் தராமல் நெடுங்காலம் பிடிவாதம் பிடித்த இ.சி.எம்., 2017 நவம்பரில் இறங்கிவந்தது. முழு ஆல்பத்தைத் தட்டில் கேட்பதே தங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டே இறங்கியது. விநியோகத்துக்குப் பெரிய கம்பெனிகளின் வலைப்பின்னலை நீண்ட காலமாகப் பயன்படுத்துகிறது. சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டி அடுத்தவருடையதாக இருக்கலாம், சரக்கு எது என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அதன் கணக்கு.

2018-ல் இருமுறை பக்கவாதம் தாக்கிய பிறகு ஜாரெட்டால் மேடையேற முடியவில்லை. அவருடைய பழைய கச்சேரிப் பதிவுகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. புதியவர்களில் முக்கியமானவர் விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோருக்கு 1971-ல் அமெரிக்காவின் ஆல்பனியில் பிறந்து, ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் பியானோ கலைஞர். 2014-ல் 'மியூட்டேஷன்ஸ்' ஆல்பத்தோடு இந்தப் பட்டியலில் நுழைந்தார். வயலின் குழுவையும் மின்னணு ஒலியையும் பியானோவோடு சேர்த்த ஆல்பம் அது. தங்களிடம் புதிதாக வந்தவரை இப்படித் தொடங்க விடும் கம்பெனிகள் அதிகம் இல்லை.

சுதந்திரமான கம்பெனி என்றால் முதலாளி இல்லாத கம்பெனி என்று நாம் நினைக்கிறோம். இ.சி.எம். கதை அதை மறுக்கிறது. அங்கே முதலாளி இருக்கிறார், அதுவும் எல்லாவற்றிலும் தலையிடும் முதலாளி. ஒரு வெற்றியில் கிடைத்த பணம் அடுத்த வெற்றியின் நகலுக்குப் போகாமல் யாரும் கேட்டிராததற்குப் போனது. சுதந்திரம் இருந்தது அங்கேதான். கொலோன் தந்த வசதி பார்ட்டுக்கும் பல்லவிக்கும் பத்துத் தட்டுப் பெட்டிக்கும் பயன்பட்டது. அதே காரணத்தால்தான் இந்த லேபிளின் எதிர்காலமும் கேள்விக்குறி. பட்டியலை வாரிசுக்கு எழுதி வைக்கலாம், ஒலிநாடாக்களை விற்கலாம், பெயரை வாடகைக்கு விடலாம். நெடுஞ்சாலையை விட்டு வண்டியைத் திருப்பும் அந்த அவசரத்தை எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாது. ஐஷருக்குப் பிறகு அதே இருக்கையில் ஒரு குழுவை உட்கார வைத்தால், அது இ.சி.எம். பட்டியலைக் காப்பாற்றலாம், இன்னொரு இ.சி.எம். ஆகாது. வேண்டியது தன் காதில் இதே பிடிவாதம் கொண்ட, ஐஷருக்குப் பிடிக்காததையும் துணிந்து வெளியிடும் இன்னொருவர்.

எங்கிருந்து தொடங்கலாம்?

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஐந்து ஆல்பங்கள்:

'தி கொலோன் கான்சர்ட்': கீத் ஜாரெட், 1975. இடது கையைப் பின்தொடர்ந்து கேளுங்கள்.

'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்': ஸ்டீவ் ரைஷ், 1978. நடுவில் நிறுத்தாமல் கேட்க வேண்டியது.

'ஹூஸ் டு நோ': எல். சங்கர். சபா கச்சேரிக்குப் பழகிய காது, மிருதங்கத்தின் வலந்தலையும் இடந்தலையும் இவ்வளவு பிரிந்து கேட்பதை ரசிக்கும்.

'டாபுலா ராசா': அர்வோ பார்ட், 1984. இரவில், ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேட்கலாம்.

'அன்ஈஸி': விஜய் ஐயர், 2021. பேஸில் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸில் டைஷான் சோரி. இ.சி.எம். என்றாலே பனியும் மூட்டமும்தான் என்று நினைப்பவர்கள் இதிலிருந்தே தொடங்குவது நல்லது.